பாருக்கு இறங்கும் கோல்

ஆறரை அடி நீள அட்டைக் குழாய்க்குள் அது வந்து சேர்ந்தது. வளையம் இல்லை, பிடி இல்லை, மேலே ஒரு எழுத்துகூட இல்லை. தூண்டில் கட்டுகிறவர்கள் இதை பிளாங்க் என்பார்கள். அடிப்பக்கம் கட்டைவிரல் பருமன். நுனி பென்சிலில் பாதிதான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது அதன் தேன் நிறத்துக்குள் வெளிச்சம் லேசாக ஊடுருவியது. கண்ணாடி நார்க் கோல். "இந்தக் காலத்தில் போய் கண்ணாடி நாரா?" என்று படகு நண்பர் கேட்டார். யோசித்துத்தான் வாங்கினேன்.

நான் மீன் பிடிப்பது புளோரிடாவின் மேற்குக் கரையில், மெக்சிகோ வளைகுடாவில். அங்கே கடலடி பெரும்பாலும் மணல். நடுநடுவே சுண்ணாம்புப் பாறை விளிம்புகள். நம் கடற்கரையில் பார் என்று சொல்வோமே, அதேதான். அந்தப் பாரின் பொந்துகளில்தான் கலவா குடியிருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் குரூப்பர். கொத்தியவுடன் அது ஓடாது. தலையைத் திருப்பி வீட்டுக்குள் போகப் பார்க்கும். பொந்துக்குள் நுழைந்து செவுளை விரித்துக்கொண்டால் தூண்டில் நரம்பு அறுந்தாலும் அறும், மீன் வராது. முதல் மூன்று நொடிக்குள் அதன் தலையை மேலே திருப்பியாக வேண்டும். கடலடி மீன்பிடிப்புக்கான கோலின் வேலை முழுக்க அந்த மூன்று நொடிதான்.

முன்பு என்னிடம் இருந்தது கார்பன் கோல். இறகு மாதிரி லேசு. ஒருநாள் அலையில் படகு சாய்ந்தபோது, எட்டு அவுன்ஸ் ஈயக்குண்டு ஆடி வந்து கோலில் டக்கென்று மோதியது. பார்த்தேன், கீறல் எதுவும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து நல்ல மீன் ஒன்று இழுத்தபோது சரியாக அந்த இடத்தில் வெடித்து ஒடிந்தது. கார்பனின் குணம் அப்படி. வளைவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் அதன் சுவர் மெலிது, பக்கவாட்டு அடியை மன்னிக்காது. ஈயமும் படகு விளிம்பும் ஓயாமல் உரசும் வேலை இது. கோல் அதைத் தாங்க வேண்டும்.

தூண்டில் கோல் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதை நீளமானது. 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் பிலிப்பி, மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் நாடிய மூங்கிலுக்கு அமெரிக்கச் சந்தையில் பெயரே 'கல்கத்தா'. நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போன மூங்கில் அது. கணுவோரம் தீய்ந்த தழும்புகளோடு போய் இறங்கியது. பிறகு குவாங்டாங் மலைச்சரிவில் வளரும் டோன்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. கொரியப் போரை ஒட்டி 1950இல் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தை நிறுத்தியதும் அந்த வரத்தும் நின்றது. அதற்குள் மாற்று வந்துவிட்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்தர் ஹோவால்ட் என்ற வேதியியலாளர், தன் மூங்கில் கோலின் நுனி ஒடிந்ததும், கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து ஒரு நுனி செய்துகொண்டார். அந்த வழியில்தான் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1947இல் 'ஒண்டர்ராட்' என்ற கண்ணாடி நார்க் கோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானத்துக்காக வளர்த்தெடுத்த கார்பன் நார், 1973இல் ஃபென்விக் நிறுவனத்தின் கையில் தூண்டிலானது. அதன்பின் உலகமே கார்பன் பக்கம் திரும்பியது. கடலடியில் பிடிக்கிறவர்களில் ஒரு கூட்டம் மட்டும் கண்ணாடி நாரை விடவில்லை. பழமைப் பிடிவாதம் என்று சிலர் நினைப்பது தவறு. கீழே உள்ள மீன் அப்படி.

பிளாங்க் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். கண்ணாடி நாரிலும் இரண்டு வகை உண்டு. மின்காப்புக்காகப் பிறந்தது 'ஈ' வகை. மலிவு, நன்றாக வளையும். வலிமைக்காகச் செய்தது 'எஸ்' வகை. அதே கனத்தில் கூடுதல் பலம். என்னுடையது 'எஸ்' வகை. கண்ணாடிக்குள் கொஞ்சம் கார்பனைச் சேர்த்துச் சுற்றிய கலப்புக் கோல்களும் கிடைக்கின்றன. நாள் முழுக்கக் கையில் பிடிப்பவருக்கு அதுவே உத்தமம் என்பேன்.

ஆனால் கோலைத் தேர்வு செய்யும் முன்பே நரம்பைத் தேர்வு செய்திருக்க வேண்டும். பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். நைலான் நரம்பு ரப்பர் போல நீளும். மீனின் முதல் உதறலை அதுவே பாதி வாங்கிக்கொள்ளும். இப்போது நாங்கள் போடுவது பின்னல் நரம்பு. அது நீளவே நீளாது எனலாம். முப்பது மீட்டர் கீழே ஈயம் மணலில் உட்கார்ந்ததா, பாறையில் உட்கார்ந்ததா என்பதுகூடக் கைக்குத் தெரியும். அந்த நரம்பு வாங்காத அதிர்ச்சியை இனிக் கோல்தான் வாங்க வேண்டும். நுனி இளக்கமாகவும் அடி முரடாகவும் இருக்கும் கண்ணாடிக் கோலை நான் எடுத்ததற்கு இதுவே முதல் காரணம்.

அதே நரம்பு வளையங்களையும் மாற்றிவிட்டது. நுண்ணிய நூல்கள் பின்னிய நரம்பு, உப்பும் மணலும் சுமந்துகொண்டு, இருபது பவுண்டு இழுப்பில் ஓடும்போது ரம்பமாகிவிடும். பழைய எஃகு வளையத்தில் அது போட்ட பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது உள்வளையம் பீங்கான் வகையாக இருக்கும். அலுமினியம் ஆக்சைடு போதும் என்பது என் கணக்கு. வசதி இருந்தால் சிலிக்கான் கார்பைடு. 1891இல் எட்வர்ட் அச்சசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்த பொருள் அது. சாணைக்கல்லாகப் பல காலம் உழைத்துவிட்டு, ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் வழியாகத் தூண்டிலுக்கு வந்தது. வளையத்தின் சட்டம் இரண்டு கால் ஊன்றியதாக இருக்கட்டும். ஒற்றைக்கால் வளையம் இந்த வேலைக்கு ஆகாது.

ரீலைக் கோலில் பொருத்தும் சீட்டில் நான் ஒரு பாடம் படித்திருக்கிறேன். முதலில் கட்டிய கோலில், சீட்டுக்கும் கோலுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் காகித டேப் சுற்றி அடைத்தேன். ஒரு பருவம் ஓடியது. அடுத்த பருவத்தில் உப்புத் தண்ணீர் டேப்பைக் கூழாக்கி, மீன் இழுக்கும்போதே ரீல் கையில் சுழன்றது. மீன் போனது. இந்த முறை கெட்டி நுரை வளையங்களைக் கோலின் பருமனுக்குக் குடைந்து, இடுக்கெல்லாம் எபாக்ஸி பசை நிரப்பி, அதன்மேல் அலுமினிய சீட்டை ஏற்றினேன். முன்பிடி பன்னிரண்டு அங்குலம். படகு விளிம்பில் கோலைச் சாய்த்து இழுக்கும்போது அடிபடுவது அந்த இடம்தான். கார்க்குப் பிடி கைக்கு இதம். ஒருமுறை உரித்தால் மறுபடி உரிக்க ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டிய மரப்பட்டை அது. மீன் ரத்தமும் இரைச் சாறும் படும் படகில் அதை வைக்க மனம் வரவில்லை. ஈ.வி.ஏ. நுரையே போட்டேன்.

வளையங்களை வைத்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரீல் கோலின் மேலே உட்காரும். வளையங்களும் மேலேயே வரிசையாக இருந்தால், பாரம் ஏறும்போது கோல் முறுக்கிக்கொண்டு கவிழப் பார்க்கும். மீனோடு போராடும் கை கோலோடும் போராடும். அதனால் முதல் வளையத்தை மேலே வைத்து, அடுத்த இரண்டைப் பக்கவாட்டில் படிப்படியாகச் சாய்த்து, மற்றதையெல்லாம் கோலின் அடிவயிற்றில் கட்டினேன். பார்க்க விசித்திரமாக இருக்கும். இழுத்தால் கோல் தானாக நேராக நிற்கும்.

பிறகு சுவரில் கொக்கி, நுனியில் நரம்பு, கீழே மணல் வாளி. கோல் வில்லாக வளைய, நரம்பு எங்கே கோலைத் தொடுகிறது என்று பார்த்து வளையங்களை அரை அங்குலம், கால் அங்குலமாக நகர்த்தினேன். நகர்த்த வசதியாக அவற்றை ரப்பர் பட்டையால்தான் பிடித்து வைத்திருந்தேன். ஒரு மாலை முழுக்க இதற்கே போனது. அதன் பிறகுதான் நூல். வளையத்தின் கால்களை அரத்தால் தேய்த்து முனையைக் கத்தி போல் ஆக்கினால் நூல் படியேறாமல் வழுக்கி ஏறும். கீழே ஒரு சுற்று. அது கோலுக்கு மெத்தை. மேலே இன்னொரு சுற்று. அது காலைப் பிடிக்கும். எபாக்ஸியின் இரண்டு பாகத்தையும் ஊசிக்குழாயில் சரிக்குச் சரி அளந்து தடவி, சின்ன மோட்டாரில் கோலை மெல்லச் சுழலவிட்டேன். சுழற்றாவிட்டால் ஒரு பக்கம் வடிந்து தொங்கும். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வேலை முடிந்ததும் தூத்துக்குடிக்குப் போன் போட்டு மாமாவுக்குப் படம் அனுப்பினேன். நாற்பது வருஷம் கைத்தூண்டிலில் கலவா பிடித்தவர். ஆள்காட்டி விரலில் நரம்பு அறுத்த தழும்பு வரிவரியாக இருக்கும்.

"கோலு எதுக்குலே? கையில தெரியாததா கோலுல தெரியப் போவுது?"

"இல்ல மாமா, உங்க விரல் செய்யுற வேலய இந்த வளையம் செய்யுது. உங்க தோள் செய்யுறத கோலு செய்யுது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நுனி எப்டி இருக்கு? மீனு தட்டுனா தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நுனியை வைத்துத்தான் கோலை அளக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மூன்று பருவம் ஆகிவிட்டது. முன்பிடியில் ஒரு பக்கம் விளிம்பு உரசித் தேய்ந்திருக்கிறது. போன மாதம் கடலிலிருந்து வந்ததும், வழக்கம்போல் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றினேன். நுனி வளையத்தில் பஞ்சு இழை சிக்கியது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். நுனி வளையத்தை மட்டும் எபாக்ஸியில் ஒட்டாமல், சூட்டில் இளகும் பசையால் ஒட்டியிருந்தேன். லைட்டரைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினேன். பசை இளகி, வளையம் கையோடு வந்தது. புதியதைச் செருகி, ஒற்றைக் கண்ணை மூடிக் கோலின் நீளத்துக்குப் பார்த்து, மற்ற வளையங்களோடு நேராக்கிப் பசை இறுகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.