ஊசியின் வரலாறும் ஒரு வலியின் வரலாறும்

இந்தத் தடவை கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். வகுப்பில் யாரும் சத்தமாகப் பேசாத விஷயம். பசங்களும் படிக்கலாம், தப்பில்லை.

பீரியட்ஸ் வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே சில பெண்களுக்கு மார்பகம் கனத்து வலிக்கும். சிலருக்கு அக்குள் வரைக்கும் இழுக்கும். உதிரம் பட்டதும் தானாகக் குறைந்துவிடும். மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்குவதோடு சேர்ந்து வருகிற வலி இது. நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "மார்பு வலி" என்று சொன்னால் எல்லோரும் இதயம் என்றுதான் நினைப்பார்கள். விளக்கிச் சொல்ல வெட்கம். அதனால் பலர் சொல்வதே இல்லை.

எங்கள் ஓசூர் பக்கம் இது சின்ன விஷயமில்லை. 1970களில் சிப்காட் வந்தது. 1984ல் தொடங்கிய டைட்டனின் முதல் கடிகார ஆலையும் ஓசூரில்தான். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பெண்கள்தான் பெருமளவில் வேலை செய்கிறார்கள். ஷிப்டில் நிற்கும்போது வலித்தால் மாத்திரை போடுவார்கள். இல்லையென்றால் "அக்குபஞ்சர் போய்ப் பாரேன்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஊசி இங்கே எப்படி வந்தது?

1938ல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு உதவ, காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அப்போது காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். ஐவரில் கோட்னிஸ் 1942ல் சீனாவிலேயே இறந்துபோனார். அவர் பெயர் நமக்குத் தெரியும். இன்னொருவர் பிஜய் குமார் பாசு. அவர் பிறகு மறுபடி சீனா போய் அக்குபஞ்சர் கற்று வந்து, 1959ல் கல்கத்தாவில் அந்தச் சிகிச்சையை ஆரம்பித்தார். இந்திய அக்குபஞ்சருக்கு அதுதான் தொடக்கம்.

அமெரிக்கா விழித்துக்கொண்டது 1971ல். ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற பத்திரிகையாளருக்கு பீஜிங்கில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. பிறகு வந்த வயிற்று உபாதைக்கு அங்கே ஊசி குத்தினார்கள். அதை அவர் நியூயார்க் டைம்ஸில் எழுத, உலகமே பேசியது. இந்தியாவில் மேற்கு வங்கம் 1996ல் அக்குபஞ்சருக்கென்று தனிச்சட்டம் போட்டது. மத்திய அரசு 2003ல் இதை ஒரு சிகிச்சை முறையாகவும், 2019ல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது.

இனி வலியின் கதை. 1829ல் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் மார்பக நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இந்த வலி பதற்ற சுபாவமுள்ள பெண்களுக்கு வருவது என்பது அவர் கருத்து. அதாவது, பாதி மனப்பிரச்சினை! கிட்டத்தட்ட 150 வருஷம் இந்த எண்ணம் நீடித்தது. 1978ல் கார்டிஃப் நகர மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மார்பக வலியோடு வந்த பெண்களையும், காலில் நரம்பு சுருண்டு வந்த நோயாளிகளையும் ஒரே கேள்வித்தாளால் ஒப்பிட்டார்கள். மனநிலையில் பெரிய வித்தியாசமே இல்லை. வலி நிஜம் என்று நிரூபிக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சரி, ஊசி இந்த வலியைக் குறைக்குமா? அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2011ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. நிறைய பேர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அது மாதவிடாயோடு சேராத மார்பக வலி பற்றியது. ஊசி குத்தாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. மாதாமாதம் வரும் வலியோ பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். அப்படியிருக்க, ஊசியால் அடங்கியதா, நாள் வந்ததால் அடங்கியதா என்று எப்படிப் பிரிப்பது? அரசு அங்கீகாரம் இதற்குப் பதிலாகாது. ஒரு தொழிலை ஏற்பது வேறு, ஒரு நோய்க்கு அது பலிக்கிறது என்று நிரூபிப்பது வேறு.

ஆனாலும் பெண்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. அங்கே ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். "இதெல்லாம் சகஜம்மா" என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவதில்லை. போகிறவர்கள் புது ஊசியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்பில் ஆழமாகக் குத்தினால், அபூர்வமாக நுரையீரலில் துளை விழலாம்.

எளிய வழிகளும் உண்டு. இரண்டு மூன்று மாதம் எந்தத் தேதியில் வலிக்கிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். சரியான அளவு பிரா போடுங்கள். டாக்டரைக் கேட்டு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். கட்டி தட்டுப்பட்டாலோ, ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ ஊசியும் வேண்டாம், ஜெல்லும் வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள்.

2025 அக்டோபரில் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடக அமைச்சரவை வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அத்திப்பள்ளி தாண்டினால் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் ஒரு கணக்கு. வலி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கூட வேலை செய்கிறவரோ, வீட்டில் இருப்பவரோ வலிக்கிறது என்றால் முதலில் நம்புங்கள். மருந்து எது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.