கோவளம்: மலிவான கடற்கரை ஒன்றின் கதை

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் ஆமத்தூர் பக்கம் ஒரு விதமான அமைதி இருக்கும். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக்கிடந்து, பூஜை போட்டு மறுபடி மெதுவாக ஆரம்பிக்கிற நேரம் அது. சிவகாசி அச்சகங்களில் மட்டும் காலண்டர் வேலை மும்முரமாக ஓடும். அந்தக் காலண்டர்களில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் அச்சாகிற படங்களில் ஒன்று, தென்னை மரம் சாய்ந்து நிற்கும் ஏதோ ஒரு கடற்கரை. கையில் கொஞ்சம் காசு, நாலு நாள் லீவு, கூட வர ஆள் இல்லை என்றால் இந்தப் பக்கத்து இளைஞன் எந்தக் கடற்கரைக்குப் போவான்? செலவு குறைவாக இருக்க வேண்டும், கூட்டம் இருக்கக்கூடாது, மழையும் இருக்கக்கூடாது.

இதே கேள்வியை ஐம்பது வருடத்திற்கு முன்பு லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்த இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்த பதில் கோவளம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கோவளம் என்ற பெயரில் நம் பக்கத்தில் மூன்று ஊர் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று. மூன்றாவது திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞம் துறைமுகத்தை ஒட்டி இருப்பது. இந்தக் கட்டுரை மூன்றாவது கோவளத்தைப் பற்றியது.

அந்த இடத்தில் பழைய காலத்தில் பெயர் பெற்ற ஊர் விழிஞம்தான், கோவளம் அல்ல. ஆய் மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விழிஞம் இருந்திருக்கிறது. அதை வென்ற செய்தியைப் பாண்டியர் செப்பேடுகள் சொல்கின்றன. கோவளம் அதற்குப் பக்கத்தில் மீனவர்கள் வலை இழுக்கும் மணல் திட்டு, அவ்வளவுதான். ஓய்வெடுக்கும் இடமாக அதை முதலில் பார்த்தவர்கள் திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர். ராணி சேது லட்சுமி பாயியின் கணவர் 1932-ல் கடலைப் பார்த்த குன்றின் மேல் 'ஹால்சியன் கேசில்' என்ற மாளிகையைக் கட்டினார். 1964-ல் அது அரசாங்கத்துக்கு விற்கப்பட்டது. அதுவரைக்கும் வெளி ஆள் யாரும் "கோவளத்துக்கு டூர் போகிறேன்" என்று சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள கொஞ்சம் ரூபாய் கணக்கு பார்க்க வேண்டும். 1966 ஜூன் 6-ம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முந்தைய நாள் வரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா. மறுநாள் 7 ரூபாய் 50 பைசா! இதை நம் பாடப்புத்தகங்கள் ஏற்றுமதி, இறக்குமதி, அந்நியச் செலாவணி நெருக்கடி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் பையில் நூறு டாலர் வைத்துக்கொண்டு வந்த ஒரு வெளிநாட்டு மாணவனுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 476 ரூபாய் வந்த இடத்தில் 750 ரூபாய் வந்தது. உள்ளூரில் விலைவாசி ஏறியது உண்மைதான். ஆனாலும் அவன் நாட்டோடு ஒப்பிட்டால் இங்கே தங்குவதும் சாப்பிடுவதும் சல்லிசு. அரசாங்கம் அவனை நினைத்து ரூபாயின் மதிப்பைக் குறைக்கவில்லை. ஆனாலும் பலன் அவனுக்கும் போனது.

அந்தச் சமயத்தில்தான் 'ஹிப்பி பாதை' என்று பின்னால் பெயர் பெற்ற தரைவழி உச்சத்தில் இருந்தது. ஐரோப்பாவில் கிளம்பி இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக டெல்லிக்கும் காத்மாண்டுவுக்கும் வருவார்கள். விமான டிக்கெட் வாங்க வசதி இல்லாதவர்கள் பழைய பஸ், வேன், லாரி என்று கிடைத்ததில் ஏறி வந்தார்கள். குளிர்காலம் வந்தால் காத்மாண்டுவில் தாங்காது. அதனால் தெற்கே இறங்கினார்கள். முதலில் கோவா. கோவாவில் கூட்டம் சேர்ந்ததும் அதைவிட அமைதியான, அதைவிட மலிவான இடம் தேடியவர்கள் இன்னும் கீழே வந்து கோவளத்தை அடைந்தார்கள். 1970-களின் ஆரம்பத்தில் அங்கே மீனவர் வீடுகளிலும் தென்னந்தோப்புக் குடில்களிலும் அறை எடுத்துத் தங்கினார்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கிற கடற்கரையின் பின்னால் அப்போது வயல்கள் இருந்தன. (அந்தக் கலங்கரை விளக்கமே 1972-ல் வந்ததுதான்.)

இந்தப் பயணிகளுக்கு வழிகாட்டி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் போவதுதான். 1972-ல் டோனி வீலர், மொரீன் என்ற இளம் தம்பதி லண்டனிலிருந்து இதே மாதிரி ஆசியா வழியாகப் பயணம் செய்து, ஆண்டு முடியும்போது சிட்னி போய்ச் சேர்ந்தார்கள். கையில் மிச்சம் இருந்தது 27 சென்ட்! எப்படிப் போனீர்கள், எவ்வளவு செலவானது என்று எல்லோரும் கேட்கவே, 1973-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். விலை 1 டாலர் 80 சென்ட். அதுதான் 'லோன்லி பிளானட்' நிறுவனத்தின் தொடக்கம். 1981-ல் இந்தியாவுக்கென்றே தடியான வழிகாட்டி ஒன்று வெளியிட்டார்கள். காதோடு காதாகப் போய்க்கொண்டிருந்த சேதி அச்சில் ஏறிவிட்டது. ஒரு கடற்கரை 'அமைதியாக இருக்கும், மலிவாக இருக்கும்' என்று ஒரு லட்சம் பேர் படித்த பிறகு அது எத்தனை நாள் அப்படியே இருக்கும்?

ஒரு கேள்வி வரலாம். இவ்வளவு தூரம் வந்தவர்கள் ஏன் நம் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் தங்கவில்லை? இங்கேயும் மணல் உண்டு, மீன் உண்டு, விலையும் குறைவு. மாமல்லபுரத்துக்கு வந்தார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். ஆனால் முழுக் குளிர்காலத்தையும் கடற்கரையில் கழிக்க நினைத்தவர்கள் மேற்குக் கரைக்குப் போனதற்கு முக்கியக் காரணம் மழைதான். ஐரோப்பியனின் குளிர்கால விடுமுறையும் நம் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையில் புயல் சின்னம் எப்போது உருவாகும் என்று சொல்ல முடியாது. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தபால் நிலையம், கோயில், சர்ச் என்று இருந்த ஊர் ஒரே ராத்திரியில் இல்லாமல் போனது. மேற்குக் கரையில் அப்படி இல்லை. கோவளத்தில் ஜூன், ஜூலையில்தான் கடல் பொங்கும். டிசம்பருக்கு மேல் மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, கடல் குளம் மாதிரி ஆகிவிடும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பெரும்பாலான சுற்றுலாப் புத்தகங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. விழிஞம் மீனவர்களுக்கு மீன் அதிகம் கிடைக்கும் சீசன் அந்தப் பொங்கும் ஜூன், ஜூலை மாதங்கள்தான். மற்ற கரைகளில் படகை இறக்க முடியாத நேரத்தில் விழிஞம் விரிகுடா மட்டும் ஒதுக்கமாக இருப்பதால் வேறு ஊர் மீனவர்களும் அங்கே வந்துவிடுவார்கள். கடல் அமைதியான மாதங்களில் கோவளம் மணலில் கரைவலை இழுப்பார்கள். முப்பது, நாற்பது பேர் இரண்டு பக்கமும் நின்று கயிற்றை இழுத்துக் கரை சேர்க்கும் வலை அது. அதற்கு நீளமான வெறும் மணல் வேண்டும். வெள்ளைக்காரன் துண்டு விரித்துப் படுக்க வருவதும் அதே மாதங்களில், அதே மணலுக்கு! கோவளத்தின் எல்லாச் சண்டைகளுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

இதற்கிடையில் அரசாங்கமும் கோவளத்தைக் கவனித்தது. 1966-ல் தொடங்கப்பட்ட இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே ஒரு பெரிய ஹோட்டல் கட்ட முடிவு செய்தது. வடிவமைத்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. 1969-க்கும் 1974-க்கும் இடையில் வேலை நடந்தது. குன்றின் அழகு கெடக்கூடாது என்று சரிவோடு சரிவாக அறைகளை அமைத்தார். ஆக, ஒரே நேரத்தில் குன்றின் மேல் வசதியானவர்களுக்கான அரசு ஹோட்டல், குன்றின் கீழ் கையில் காசில்லாதவர்களுக்கான ஓலைக் குடில். அரசாங்கம் எதிர்பார்த்தது மேலே தங்குபவர்களை. ஆனால் ஊர்க்காரர்கள் அறை வாடகைக்கு விட்டு, மீன் வறுத்துக் கொடுத்து, துணி துவைத்துக் கொடுத்துச் சம்பாதித்தது கீழே தங்கியவர்களிடம். பெரிய ஹோட்டலில் செலவழிக்கும் ஆயிரம் ரூபாயில் ஊருக்குள் வருவது கொஞ்சம்தான். குடிலில் செலவழிக்கும் நூறு ரூபாய் அநேகமாக அப்படியே ஊருக்குள்தான் போகும். ஹிப்பிகளைக் கரித்துக் கொட்டியவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இதில் நம் மாவட்டத்துக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல், திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலி - நாகர்கோவில் பாதை திறந்தது 1981-ல்தான். அதுவரை மதுரைப் பக்கத்திலிருந்து ரயிலில் திருவனந்தபுரம் போக வேண்டும் என்றால் விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை கணவாய் வழியாகக் கொல்லம் போய்த்தான் போக வேண்டும். மதுரை மீனாட்சி கோயிலைப் பார்த்துவிட்டு ரயிலில் கோவளம் போன வெளிநாட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே சிவகாசியின் கரிசல் காட்டையும் தீப்பெட்டி ஆபீஸ்களையும் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே இறங்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

1979-ல் ஈரானில் புரட்சி, அதே ஆண்டு கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. ஹிப்பி பாதை அடைபட்டது. தரைவழியாக வந்தவன் நின்றுபோனான், விமானத்தில் வருகிறவன் வர ஆரம்பித்தான். கேரளா 1986-ல் சுற்றுலாவைத் தொழில் என்று அறிவித்தது. 1989-ல் 'கடவுளின் சொந்த நாடு' என்ற விளம்பர வாசகம் வந்தது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு மறுபடி இறங்கியது. கோவாவுக்கு 1980-களிலேயே வர ஆரம்பித்திருந்த 'சார்ட்டர்' விமானங்கள் 1990-களில் திருவனந்தபுரத்துக்கும் வந்தன. விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஊரிலேயே மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு வருகிற ஆட்கள் இவர்கள். பத்து வருடத்துக்குள் வயல்கள் லாட்ஜுகள் ஆயின. கடலோரம் முழுக்க காங்கிரீட். தனியாகப் பை மாட்டிக்கொண்டு வந்தவர்கள் கோவளம் கெட்டுவிட்டது என்று சொல்லி வடக்கே வர்க்கலைக்குப் போனார்கள். அங்கேயும் இப்போது பாறை விளிம்பு முழுக்கக் கடைகள்தான்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1981-ல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்பது அதன் சாரம். 1991 பிப்ரவரியில்தான் அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. அதற்கு அப்புறம் திருத்தத்துக்கு மேல் திருத்தம். 2019 அறிவிக்கையில் மக்கள் நெருக்கமுள்ள கிராமக் கடற்கரைகளில் தடைப் பகுதி 50 மீட்டராகச் சுருங்கியது.

குன்றின் மேல் இருந்த அரசு ஹோட்டல் 2002-ல் தனியாருக்கு விற்கப்பட்டு, அதற்குப் பிறகு இரண்டு கை மாறியது. அரச குடும்பம் கட்டிய மாளிகை மட்டுமாவது அரசிடம் இருக்கட்டும் என்று கேரள அரசு 2005-ல் தனிச் சட்டமே போட்டது. நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 2017-ல் மாளிகையை ஹோட்டல்காரர்களிடம் ஒப்படைக்க அமைச்சரவை முடிவெடுத்தது. மீனவர்கள் பக்கம் நடந்தது இன்னும் பெரிது. விழிஞத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் வந்ததால் கரை அரிக்கிறது, வீடுகள் போகின்றன என்று 2022 ஆகஸ்டில் தொடங்கிய போராட்டம் டிசம்பர் வரை நடந்தது. 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்தது. 2025 மே 2-ம் தேதி பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆய் மன்னர்களின் துறைமுகம் மறுபடி துறைமுகமாகிவிட்டது, கோவளம் அதற்குப் பக்கத்து ஊராகிவிட்டது.

அப்படியானால் ஆமத்தூர்க்காரன் இன்றைக்கு எங்கே போவது? கோவளத்துக்கே போகலாம், டிசம்பர் கடைசி இரண்டு வாரத்தைத் தவிர்த்தால் அறை வாடகை கையைக் கடிக்காது. அதைவிடப் பக்கத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு இருக்கிறது. 1542-ல் புனித சவேரியார் வந்து தங்கிய குகை, 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மேடு, அதன் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத தண்ணீர். கிழக்குக் கரைதான் என்பதால் மழை முடிந்து ஜனவரியில் போவது நல்லது. தங்குவதற்குத் திருச்செந்தூரில் பக்தர்களுக்கான சத்திரம், லாட்ஜ் நிறைய உண்டு. விருதுநகரில் பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம். அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் சில பேர் ஏற்கனவே அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மணப்பாட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் குலசேகரப்பட்டினம். அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போக முடியுமா என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.