எறியுளி பார்த்த கடல்

கிராஞ்சின்னா நமக்குப் போர் நினைவிடம்தான் ஞாபகம் வரும். கல்லறைகூட இல்லாத 24,000-க்கும் அதிகமானோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் இருக்கின்றன. நம்மூர்ப் பெயர்களும் உண்டு.

அதற்கு வடக்கே, ஜொகூர் நீரிணையில் படகையே வீடாக்கி வாழ்ந்த ஓராங் சிலேத்தார் மக்களுக்கு அப்படியொரு சுவர் கிடையாது. அலையாத்திக் காடுகளுக்குள் நுழைந்து மீனையும் நண்டையும் ஈட்டியால் குத்திப் பிடித்தவர்கள். பல முனை கொண்ட மீன் ஈட்டிக்கு மலாயில் சிரம்பாங் என்று பெயர். நமக்கும் இது புதிதல்ல. சங்கப் பாடல்களில் பரதவர் வீசுவது எறியுளி.

தண்ணீருக்குள் மீன் தெரியும் இடத்தில் இருக்காது, அதற்குக் கீழே இருக்கும். ஒளிவிலகல் என்று நான் பரீட்சைக்குப் படித்ததை ஈட்டிக்காரரின் கை அறிந்திருந்தது. பார்க்காத மீனை அவரால் பிடிக்க முடியாது.

1924-இல் கடற்பாலம் நீரிணையை இரண்டாக்கியது. 1975-இல் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை எழுந்தது. இன்று சிலேத்தார் மக்களில் பெரும்பாலோர் ஜொகூர்க் கரையில். அணைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். அது வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் பக்கத்திலேயே மண்டாய் சேற்றுவெளியில், கைவிடப்பட்ட வலைகளில் சிக்கிய லாட நண்டுகளைத் தன்னார்வலர்கள் அறுத்து விடுவித்திருக்கிறார்கள். டைனோசர்களுக்கும் மூத்த குலம் அது. வலை எதையும் பார்ப்பதில்லை. பார்த்துப் பிடித்தவர்களைத்தான் நாம் மறந்துவிட்டோம்.