ஸைத்தூன் துறைமுகத்துக் கற்கள்

புகாரையும் கொற்கையையும் பாடிப் பழகிய நமக்கு, தமிழ்க் கல்வெட்டைத் தாங்கிய சீனத் துறைமுகம் ஒன்று உண்டு என்பது பெருமிதம் தரும் செய்தியாகும். ஃபூஜியன் மாநிலத்துக் குவான்சௌ நகரமே அது. கலியாண முருங்கை மரங்கள் மிகுந்த நகராதலின் சீனர் அம்மரப் பெயராலேயே 'சிடோங்' என்றனர். அரபு வணிகர் நாவில் அது 'ஸைத்தூன்' ஆயிற்று.

அங்குக் கிடைத்த கல்வெட்டு சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களில் பொறிக்கப்பெற்றது. சம்பந்தப் பெருமாள் என்பார் செகசைகானின் திருமேனி நலம் வேண்டிச் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. செகசைகான் என்பவன் மங்கோலியப் பேரரசன் குப்லாய்கானே என்பர் ஆய்வாளர். தமிழ் வரிகளின் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன.

அக்கோயில் இன்றில்லை. ஆயினும் கி.பி. 686இல் தோன்றிய கைய்யுவான் பௌத்த ஆலயத்தின் பெருங்கூடத்துப் பின்புறத்தில், பதினாறு பட்டைகளையுடைய இரு தூண்கள் நிற்கின்றன. நரசிம்மரும், மருத மரங்களிடையே கண்ணனும், ஆய்ச்சியர் ஆடை கவர்ந்த கண்ணனும் அவற்றில் காட்சி தருகின்றனர். கதை நம்முடையது; அதனைச் செதுக்கிய கையோ சீனச் சிற்பியுடையது.

இக்கலப்பு நம் சமயத்தோடு நிற்கவில்லை. இந்நகரத்துக் கிறித்தவக் கல்லறைக் கற்களில் சிலுவை தாமரைமீது நிற்கிறது. அதனைத் தாங்கும் வானவர் பௌத்த ஓவியங்களின் விண்ணணங்கர் போல் மிதக்கின்றனர். நகரை அடுத்த சாவோஆன் கோயிலில், 1339இல் வடித்த மானி சமய நிறுவனரின் உருவம் புத்தரைப்போல் வீற்றிருக்கிறது. சமயத் தலைவர்கள் கூடி முடிவெடுத்து விளைந்த ஒற்றுமையன்று இது. அயலார் சொன்ன தெய்வத்தை உள்ளூர்ச் சிற்பி தான் அறிந்த வடிவங்களால் சமைத்தான், அவ்வளவே.

இதனைப் பொற்காலமென்று மட்டும் பாடுதல் பொருந்தாது. 1357 முதல் 1366 வரை நிகழ்ந்த கலகமும் அதன் பின்விளைவும் அயல்நாட்டார் குடியிருப்புகளைச் சிதைத்தன. சமயக் கற்கள் பல நகர மதிலுக்குள் புதைந்தன. இருபதாம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டபோது, ஊ வென்லியாங் என்னும் பள்ளியாசிரியர் அவற்றைத் தேடித் திரட்டி, 1957இல் நூலாக்கினார். 2021இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. அருகிலுள்ள சேதியான் சிற்றூரில் நம் நாட்டுத் தெய்வத்தின் சிற்பம் ஒன்றை மக்கள் குவான்யின் எனப் போற்றி வழிபடுகின்றனர். கல்வெட்டு நம் பெயரைக் காத்து அருங்காட்சியகத்தில் உறைகிறது. இச்சிற்பமோ பெயரை இழந்து வழிபாட்டில் வாழ்கிறது. நம்மவள் என்று உரிமை கோரும் முன்பு, அவளுக்கு இன்றும் விளக்கேற்றும் அச்சிற்றூராரை ஒருகணம் நினைப்போமாக. பெயரைக் காப்பது வரலாற்றின் கடன். உயிரைக் காத்தவர் அவரே.