சேலம் மாவட்டமும் குழந்தைக் கணக்கும்

மக்கள்தொகைக் கணக்கு வெறும் தலையெண்ணிக்கை என்று நம்முள் பலர் கருதுகின்றனர். ஊரார் வாய்திறந்து சொல்லாததையும் அக்கணக்கு சொல்லிவிடும் என்பதற்கு நம் சேலம் மாவட்டமே சான்று.

இலண்டன் மாநகரின் இறப்புப் பட்டியல்களையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் ஆராய்ந்து, ஜான் கிரான்ட் என்னும் துணிமணி வணிகர் 1662இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண் குழந்தைகளினும் ஆண் குழந்தைகள் சற்று மிகுதியாகப் பிறப்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். 1000 ஆணுக்குச் சுமார் 950 பெண் என்பது இயற்கையின் அளவு. அதனினும் வெகுவாகக் குறைந்தால் மனிதர் கை அதில் புகுந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும். 1870இல் ஆங்கில அரசு பெண்சிசுக் கொலையைத் தடுக்கச் சட்டம் இயற்றியபோதும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளையே கருவியாகக் கொண்டது. அது முதலில் வடநாட்டுப் பகுதிகளில்தான் நடைமுறைக்கு வந்தது.

1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சேலம் மாவட்டத்தில் 1000 ஆணுக்கு 849 பெண்ணே இருந்தனர். மாநிலத்தின் அளவோ 948. நான் வாழும் கொண்டப்பநாயக்கன்பட்டி சேலம் நகரை ஒட்டிய ஊர். பள்ளிக்கு வராத பெண்ணைத் தேடி ஆசிரியர் அவள் வீட்டுக்குச் செல்லலாம். பெயரிடப்படுமுன்பே மறைந்த பெண்ணை எங்கே சென்று தேடுவது?

கிராம சுகாதார செவிலியரின் பதிவேடுகள் இதற்கு விடை கூறின. பிறந்த முதல் வாரத்தில் ஆண் சிசுக்களே மிகுதியாக இறப்பது இயற்கை. இங்கோ கணக்குத் தலைகீழாயிருந்தது. நோயின் பெயரை எழுதவேண்டிய இடத்தில் 'சமூகக் காரணம்' என்று எழுதினர். எத்துணை அடக்கமான சொல்! வரதட்சிணையும் அச்சமும் கொலையும் அதனுள் அடங்கிவிட்டன.

1992இல், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. வேண்டாத பெண் சிசுவைக் கொல்லாமல் தொட்டிலில் இட்டுச் செல்லலாம். அரசு வளர்க்கும், தத்துக் கொடுக்கும். பெண் பிள்ளையைக் கைவிடுவதற்கு அரசே வழிகாட்டுவதா என்று சிலர் வினவினர். வினா நியாயமானதே. ஆயினும் உயிரோடிருக்கும் குழந்தைக்கன்றோ மற்றெல்லா நியாயமும் பேசமுடியும்? 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது.

அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் சேலத்தின் எண் 851. பத்தாண்டில் இரண்டே கூடியிருந்தது! தொட்டில் பிறந்த குழந்தைக்கே உதவும். இதற்கிடையே ஸ்கேன் கருவி ஊர்தோறும் வந்து, பிறக்கும் முன்பே முடிவு செய்யும் வழியைத் திறந்துவிட்டிருந்தது. சிசு மரணத்தை மட்டும் பார்த்திருந்தால் காரியம் முடிந்ததென்றே அதிகாரிகள் எண்ணியிருக்கக்கூடும். பால் விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீமை இடம் மாறியது புலப்படும். கருவின் பாலை அறிந்து கூறுவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்கேன் நிலையங்கள் அரசிடம் பதிவு பெறவேண்டும். சோதிக்கப்படும் ஒவ்வொரு கருவுற்ற பெண்ணைப் பற்றியும் குறிப்பு வைக்கவேண்டும். ஆகவே மருத்துவத் துறையினர் புரட்டிப்பார்க்க வேண்டிய பதிவேடு இன்னொன்றும் சேர்ந்தது.

2011இல் சேலத்தின் எண் 916 ஆயிற்று. மாநில அளவு 943. 2021இல் எடுக்கவேண்டிய கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. பத்தாண்டுக் கணக்குக்குக் காத்திராமல், ஆண்டுதோறும் பிறந்தவர் தொகையை அறிவதற்குப் பிறப்புப் பதிவேடே இருக்கிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் அதில் பதியவேண்டும்.