போர்க்களத்திலிருந்து திரும்பி வருபவர்கள்

பேய்க்கதைகளுக்கு ஓர் எளிய இலக்கணம் உண்டு. வஞ்சிக்கப்பட்டவர் இறந்தபின் வஞ்சித்தவரைத் தேடி வருவார். பழி தீர்ந்ததும் அடங்கிவிடுவார். போர்வீரர்களைப் பற்றிய பேய்ப்படங்களுள் சிறந்தவற்றில் இந்த இலக்கணம் பிசகிவிடுகிறது. அங்கே மடிந்தவன் தன்னைச் சுட்ட எதிரியைத் தேடிப் போவதில்லை. தன்னை அனுப்பிவைத்தவர்களிடமே திரும்பி வருகிறான்.

இந்த மரபின் தொடக்கத்தில் நிற்பது பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் 1919இல் வெளியிட்ட 'ஜக்யூஸ்' என்னும் மௌனப்படம். 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்பது பொருள். திரேபஸ் வழக்கில் அரசை எதிர்த்து எமிலி ஸோலா 1898இல் எழுதிய புகழ்பெற்ற பகிரங்கக் கடிதத்தின் தலைப்பும் இதுவே. படத்தின் நாயகன் ழான் தியாஸ் ஒரு கவிஞன். போர் அவனைச் சித்தம் கலங்கச் செய்கிறது. போர்க்களத்துப் பிணங்கள் எழுந்து ஊரை நோக்கி நடப்பதை அவன் காண்கிறான். தங்கள் சாவுக்கு ஊரார் தகுதியானவர்களாக வாழ்கிறார்களா என்று பார்ப்பதற்கே அவர்கள் வருகிறார்கள். போரை வைத்துப் பணம் சேர்த்தவர்களும் துணைக்குத் துரோகம் செய்தவர்களும் நடுங்கித் தலைகுனிகிறார்கள். அதைக் கண்டபின் இறந்தவர்கள் அமைதியாகத் திரும்பிப் போகிறார்கள்.

கதையைக் காட்டிலும் அந்தக் காட்சி உருவான விதமே நம்மைக் கலங்க வைக்கிறது. 1918இல், போர் முடியுமுன்பே படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. விடுப்பில் வந்திருந்த உண்மையான படைவீரர்களையே கான்ஸ் பிணங்களாக நடிக்க வைத்தார். அவர்கள் மீண்டும் களத்துக்குச் சென்ற சில வாரங்களுக்குள் பெரும்பாலோர் இறந்துபோனார்கள் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். உதவியாளராக இருந்த கவிஞர் பிளேஸ் சாந்த்ரார் 1915இல் போரில் வலக்கையை இழந்தவர். அவரும் பிணங்களுள் ஒருவராகத் தோன்றினார். தம் சாவுக்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்த மனிதர்களின் முகங்களைத்தான் நாம் திரையில் பார்க்கிறோம்.

1938இல் கான்ஸ் அதே பெயரில் மீண்டும் படமெடுத்தார். அடுத்த போர் நெருங்குவதைக் கண்ட ழான் தியாஸ் வெர்தன் களத்தில் மாண்டவர்களைக் கூவி அழைக்கிறான். முதற்போரில் முகம் சிதைந்து உயிர்தப்பிய உண்மையான வீரர்கள் இதில் நடித்தார்கள். ஒப்பனை தேவைப்படவில்லை. எழுந்து வந்தவர்களைக் கண்டு அஞ்சிய உலகம் போரைக் கைவிடுவதாகப் படம் முடிகிறது. மறு ஆண்டு, 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப்போர் மூண்டது.

அகிரா குரோசவாவின் 'கனவுகள்' (1990) படத்தில் வரும் சுரங்கப்பாதைக் கதை இதே கேள்வியை ஒரு தனிமனிதன்மீது சுமத்துகிறது. போர் முடிந்து வீடு திரும்பும் அதிகாரியின் பின்னால், அவன் தலைமையில் மடிந்த அணி முழுவதும் அணிவகுத்து வந்து வணக்கம் செலுத்தி நிற்கிறது. தாங்கள் இறந்ததே அவர்களுக்குத் தெரியாது. அவன் மன்னிப்புக் கேட்கிறான். பிறகு, "திரும்பி நட" என்று கட்டளையிடுகிறான். இறந்தபின்னும் அவர்கள் கீழ்ப்படிகிறார்கள். அந்தக் கீழ்ப்படிதலைவிடக் கொடிய பழிவாங்கல் வேறில்லை.

கோங் சு சாங் இயக்கிய கொரியப் படமான 'ஆர் பாயிண்ட்' (2004) 1972ஆம் ஆண்டு வியட்நாமில் நிகழ்கிறது. அமெரிக்காவுக்குத் துணையாகத் தென்கொரியா அப்போருக்கு மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. இறந்ததாகக் கருதப்பட்ட ஓர் அணியிடமிருந்து உதவி கேட்டு வானொலிச் செய்தி வருகிறது. தேடிச் சென்றவர்கள், கையில் இரத்தக்கறை உள்ளோர் இங்கிருந்து மீள்வதில்லை என்ற பொருளுடைய கல்லெழுத்தைக் கடந்து உள்ளே நுழைகிறார்கள். எதிரியைச் சுட வந்தவர்கள் தம்முள் ஒருவரையொருவர் சுட்டு மடிகிறார்கள். இங்கே பேய்க்குத் தனியாக வேலையொன்றும் இல்லை. அந்நிய மண்ணில் அவர்கள் செய்துவிட்டு வந்ததே போதுமானதாக இருக்கிறது.

1919இல் கான்ஸின் இறந்தவர்கள் நிறைவோடு கல்லறைக்குத் திரும்பினார்கள். பின்வந்த படங்களில் அந்த நிறைவு இல்லை. போரை அறிவித்தவர்களின் கனவில் இவர்கள் வருவதாக எந்தப் படமும் இதுவரை நம்பும்படி சொன்னதில்லை. அவர்கள் வருவதெல்லாம் உயிர்தப்பிய சக வீரனிடமும், கட்டளையை நிறைவேற்றிய சிறிய அதிகாரியிடமும்தான்.