நெல்லின் மதுவும் வாற்கோதுமை மதுவும்

ஈழத்தின் கீழ்கரையிலே மருதமுனை தொடங்கிப் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, முஸ்லிம் ஊர்களையும் சைவ ஊர்களையும் ஒரே சரட்டிற் கோத்துச் செல்கின்றது. தெருவின் கிழக்கே தென்னஞ்சோலையும் கடலும். மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல்வெளி. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிந்து அம்பாறை மாவட்டமாகிய இப்பகுதி, இலங்கையின் சிறந்த நெற்களஞ்சியங்களுள் ஒன்று. ஆயினும் நெல்லிலிருந்து மது ஆக்கும் வழக்கம் இங்கு இல்லை. முஸ்லிம் ஊர்களில் மது மார்க்கத்தால் விலக்கப்பட்டதாதலின் அங்கு அஃதின்மை வியப்பன்று. அயலிலுள்ள சைவ ஊர்களிலும் குடிப்போர் அறிந்தவை தென்னங்கள்ளும் சாராயமுமேயன்றி நெற்கள் அன்று. அவ்வாறாயின் தமிழர் எக்காலத்தும் நெல்லால் மது ஆக்கியதில்லையோ எனின், ஆக்கினர். அதுவும் மிக நுட்பமாக ஆக்கினர் என்பதற்குப் பத்துப்பாட்டே சான்று.

தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பை வருணிக்குமிடத்தில், மது ஆக்கும் முறை படிப்படியாகக் கூறப்படுகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைப்பர், அகன்ற வாயையுடைய தட்டுப்பிழாவில் இட்டு ஆற்றுவர், அதனுடன் புற்றினுள்ளிருக்கும் கறையான் கூட்டைப் போன்ற தோற்றமுடைய ‘நல்லடை’யைக் கலப்பர், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, உறுதியான வாயையுடைய சாடியில் முதிர்ந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பர். பாணனுக்கு அதனைச் சுட்ட மீனொடு வழங்குவர் என்கின்றார் புலவர். இதே பாட்டின் மற்றோரிடத்தில் வீட்டிலே சமைத்த நெற்கள் ‘தோப்பி’ என்னும் பெயரால் வருகின்றது. கடையிற் கொண்டதன்று, இல்லிற் சமைத்தது என்று புலவர் எடுத்துரைப்பது வரலாற்றறிஞர் கருதத்தக்கது.

இங்கே ‘நல்லடை’ யாது என்பதே முதன்மையான வினா. உரைகாரர் அதனை நெல்முளை எனக் கொள்வர். இக்கால இரசாயன அறிவு இவ்வுரையின் பொருத்தத்தை விளக்குகின்றது. அரிசியிலுள்ளது மாப்பொருள்; மதுவம் என்னும் நுண்ணுயிர் மாப்பொருளை நேரே உண்ணாது, வெல்லத்தையே உண்டு மதுசாரமாக மாற்றும். முளைக்கும் தானியத்திலே தோன்றும் நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்கிக் கொடுக்கின்றன. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைக்கவிட்டு உலர்த்தி ‘மோல்ட்’ ஆக்குவதும் இதற்காகவே. ஆயின், அடையென்பதைப் பூஞ்சணம் படிந்த மாவுவில்லையாகக் கொள்வதற்கும் இடமுண்டு. அசாம், சார்க்கண்டு முதலிய பகுதிகளின் மலைவாழ் மக்கள் அரிசியும் மூலிகையும் சேர்ந்த வில்லையைச் சோற்றிற் கலந்தே இன்றும் தம் அரிசிமதுவை ஆக்குகின்றனர். கறையான் கூட்டின் துளைகள் நிறைந்த புறத்தோற்றத்தை நோக்கின் இரண்டாவது பொருளே இயைபுடையது போலும். எப்பொருள் கொள்ளினும், இங்கிலாந்தில் ‘ஏல்’ எனப்படும் பியருக்கு இனமானதொரு தானிய மதுவைத் தமிழ் வலைஞர் தம் இல்லங்களில் ஆக்கினர் என்பது தெளிவு.

பண்டைத் தமிழில் மதுவைக் குறிக்கும் சொற்களும் இவ்வாறே தொழிலை அறிவிப்பன. பிழிவதனாற் பிழி, அரிப்பதனால் அரியல், தெளிந்ததனால் தேறல், நறுமணத்தால் நறவு. இன்று மேனாட்டார் பியரைச் சுவைக்குங்கால் தெளிவு, மணம், நிறம், கசப்பு, நாவில் நிற்கும் கனம் என்று பகுத்துக் கூறுவர். அப்பகுப்பிற் சில இச்சொற்களிலேயே அமைந்து கிடக்கின்றன. கசப்பொன்றே இல்லை, ஹொப் என்னும் கொடியின் பூவை மதுவில் இடும் வழக்கம் ஐரோப்பாவுக்கு உரியதாதலின். திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தாராதலின், இம்மதுவகைகள் அக்காலத்தும் தடையின்றிப் புகழப்பட்டன என்று எவரும் கொள்ளற்க.

இத்தொழில் ஏன் அழிந்தது? பனையும் தென்னையும் மலிந்த நாட்டில் தானிய மது நிலைப்பது அரிது என்பதே பொருத்தமான விடை. பாளையினின்றும் வடியும் நீரில் வெல்லம் இயல்பாகவே உண்டு. முளையும் வேண்டா, அடையும் வேண்டா. முட்டியில் இறங்கிய சில நாழிகையில் அது தானே நொதித்துக் கள்ளாகின்றது. உணவாதற்குரிய நெல்லைச் செலவிட்டு, விறகெரித்து, இரண்டு நாள் காத்திருந்து பெறுவதை ஒரு மரம் காலையும் மாலையும் கொடுக்குமாயின், அறிவுடைய இல்லத்தலைவி எதனை விரும்புவாள்?

தானிய மது இலங்கையில் மறுபடியும் தோன்றியது தென்னை வளராத இடத்திலேயாம். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஏல் வகைக்குரிய மதுவம் நன்கு தொழிற்படும் வெப்பமும் ஏறக்குறைய அதுவே. கீழ்கரைக்கும் மலைநாட்டுக்கும் தொடர்பு பழையது. போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலரைக் கண்டியரசன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பது வரலாற்று மரபு. அக்காலந்தொட்டுத் தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகத்தில் உப்பும் கருவாடும் மலையேறின. பாக்கும் பிறவும் இறங்கின. ஆயினும் மலையிற் பிறந்த இப்புதுப் பண்டத்துக்கும் அவ்வணிகருக்கும் யாதொரு தொடர்பும் இருந்திலது.

அதனைத் தோற்றுவித்தவர் சாமுவேல் வைற் பேக்கர் என்பர். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்டு புகழெய்திய இவ்வாங்கிலேயர், காய்ச்சலால் நலிந்து நுவரெலியாவுக்குச் சென்று உடல்தேறினார். 1848 இல் தம் சகோதரரோடும் குடியேறிகள் சிலரோடும், கால்நடை, விதை, கருவிகளோடும் அங்கு மீண்டு, இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றையே மலைமேல் நட்டுவிட முயன்றார். அப்பண்ணைக்கென 1849 இல் அமைந்ததே சிறிய பியர் ஆலை. பண்ணை அவர் எண்ணியபடி செழிக்கவில்லை. 1855 இல் அவர் இலங்கையை நீங்கினார். அவ்வாண்டில் வெளிவந்த அவருடைய ‘இலங்கையில் எட்டாண்டு அலைவு’ என்னும் பொருள்தரும் நூல், அக்குடியேற்றத்தின் இன்னல்களை மறைக்காமற் கூறுவது.

1881 இல் நுவரெலியாவில் வணிக முறையிலான ஆலை எழுந்தது. ‘லவர்ஸ் லீப்’ அருவியின் நீர் அதற்குப் பயன்பட்டது. வாற்கோதுமையும் ஹொப்பும் கடல் கடந்து வந்தன. அதற்குமுன், கோப்பித் தோட்டத் துரைமார் பருகிய பியர் கப்பலிற் பல திங்கள் பயணஞ்செய்து வந்ததேயாம். கெடாதிருத்தற்பொருட்டு ஹொப் மிகுதியாக இட்ட வெளிறிய ஏல் அவ்வகையிற் பேர்பெற்றது. இமயச் சாரலில் கசௌலியிலும் மரீயிலும் வெள்ளையர் ஆலைகள் அமைத்ததற்கும் குளிர்ந்த காற்றும் மலைநீருமே காரணம். குளிரூட்டும் பொறி பரவியபின் அக்காரணம் வலியிழந்தது. தாழ்ந்த வெப்பத்தில் நொதிக்கும் ‘லாகர்’ என்னும் தெளிந்த மஞ்சட் பியரை எந்தச் சமவெளியிலும் ஆக்கலாயிற்று. இலங்கையிலும் அதுவே சந்தையைக் கைக்கொண்டது.

ஏல் இனத்தைச் சார்ந்த ஒன்று மட்டும் எஞ்சிற்று. வறுத்த தானியத்தாற் கறுத்த ‘ஸ்டவுட்’ அது. மதுசாரம் நூற்றுக்கு எட்டளவு. இலண்டன் நகரார் முற்காலத்தில் போல்டிக் நாடுகளுக்கு அனுப்பிய கடுமையான ஸ்டவுட் அங்கேயே அருகிப்போன காலத்தும், நுவரெலியாவில் அது தொடர்ந்து ஆக்கப்பட்டது. ஆங்கிலேய மதுச்சுவை எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (1942–2007) இதனைப் பருகிப் பாராட்டி எழுதியமையால் உலகோர் கவனம் இதன்மேற் சென்றது. கண்டியிற் பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து வழங்கும் பழைய முறை நிலவியதையும் அவர் கண்டு மகிழ்ந்தார். சொக்கலேற்றும் கோப்பியும் கலந்தாற் போன்ற சுவையென்று அறிந்தோர் இதனைக் கூறுவர். 1990களின் இறுதியில் உற்பத்தி கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு மாற்றப்பட்டது. ஸ்டவுட் இன்றும் ஆக்கப்படுகின்றது. மலைநீர் மட்டும் அதில் இல்லை.

சிறு ஆலைகள் பெருகாமைக்குப் பொறியும் சந்தையும் மாத்திரம் காரணமல்ல. அரசிறை மற்றொரு காரணம். ஒருவேளை அதுவே பெரிய காரணம். ஒல்லாந்தரும் அவர்வழி ஆங்கிலேயரும் சாராயக் குத்தகையால் பெரும்பொருள் ஈட்டினர். வீட்டுச் சாடிக்கு வரி விதித்தல் அரிது; சில குத்தகைகாரரிடமும் சில ஆலைகளிடமும் வரி பெறுதல் எளிது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் ஆட்சியை இறுக்கியது. அதனையொட்டிக் கள்ளுத் தவறணைகள் பெருகியபோது நாடெங்கும் மதுவிலக்குக் கிளர்ச்சி மூண்டது. பின்னாளில் அரசியலிற் பெயர்பெற்றோர் பலர் அக்கிளர்ச்சியிலேதான் மேடையேறக் கற்றனர். ஆக, வரி வேண்டிய அரசும் மதுவை வெறுத்த மக்களும் சிறிதாக மது ஆக்குவோனுக்கு இடமளியாதது இயல்பே. பெங்களூர் போன்ற நகரங்களில் 2010 அளவிலிருந்து சிற்றாலைகள் தோன்றியதும், உரிமச் சட்டம் அதற்கென வழிவிட்டபின்னரேயாம்.

மரீ ஆலையின் வரலாறு முஸ்லிம் வாசகர் அறியத்தக்கது. 1860 இல் தோன்றிய அவ்வாலை பாகிஸ்தான் பிறந்தபின்னும் இராவல்பிண்டியில் நிலைத்தது. 1977 இல் முஸ்லிம்களுக்கு மது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பிற மதத்தவர் உரிமம் பெற்று வாங்கலாமென விடப்பட்டமையால் ஆலை மூடப்படவில்லை. கல்முனை போன்ற ஊர்களிலோ, விலக்கைக் காத்து வந்தது சட்டத்தைவிட ஊர்வழக்கமே எனலாம்.

ஆயினும் நொதித்தல் முழுவதும் இம்மக்களுக்கு அயலானதன்று. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மரபின் சட்டநூலார், வேறொன்றும் இடாமல் தானே புளித்துக் காடியாக மாறிய மதுவை ஆகுமானதாகக் கொள்வர். தென்னங்கள் நெடுநாள் நின்றாற் காடியாகும். இலங்கையில் தென்னங்காடி அச்சாறுக்கும் கறிக்கும் பயன்படும் பண்டம். மதுவம் தொழிலை முடித்தபின் வேறொரு நுண்ணுயிர் மதுசாரத்தைப் புளியமிலமாக்கி விடுகின்றது. வலைஞர் சாடியில் இரண்டாம் இரவோடு நிறுத்தப்பட்ட அதே செயல், இங்கு இன்னும் சில கிழமை தொடரவிடப்படுகின்றது.